முதலில் நஞ்சைப் பழகுங்கள்

தோட்டம் போடத் தொடங்கியிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு.

இரண்டு மழை பெய்தால் போதும், மாடித் தொட்டியிலும் கொல்லைப் பக்கமும் நீங்கள் விதைக்காததெல்லாம் முளைத்து நிற்கும். உடனே படம் எடுத்து எனக்கு அனுப்புகிறீர்கள். ‘ஐயா, இதைச் சாப்பிடலாமா?’ என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. இது என்ன செடி என்று கேட்பவர்கள் அபூர்வம். பேர் தெரியுமுன்னே ருசி தெரிய ஆசைப்படும் இந்த அவசரத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். காளானை இதில் சேர்க்கவில்லை. அது தனி வித்தை. அதற்குப் பழகாதவர்கள் கடையில் வாங்கிச் சமைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

1. நல்ல கீரைகளை அப்புறம் படிக்கலாம். ஆகாத செடிகளை முதலில் படியுங்கள்.

எல்லாரும் இதைத் தலைகீழாகத்தான் தொடங்குகிறார்கள். நாற்பது மூலிகையின் குணம் ஒப்பிப்பார்கள். எதிர்வீட்டு மதிலுக்கு மேல் எட்டிப் பார்க்கும் பொன்னரளியை அடையாளம் தெரியாது. உண்ணத்தக்க செடிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, அவற்றைப் படித்து முடிக்க ஆயுள் போதாது. உயிருக்கு உலை வைக்கக்கூடியவை நம் சமவெளித் தெருக்களில் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான்: அரளி, பொன்னரளி, ஊமத்தை, செங்காந்தள், குன்றிமணி, ஆமணக்கு, காட்டாமணக்கு, எருக்கு, கள்ளி வகைகள். இவற்றோடு நர்சரியிலிருந்து காசு கொடுத்து நாமே வாங்கி வருகிற அடினியமும் டைஃபன்பேக்கியாவும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவை ஒரு சுற்று சுற்றினால் பாதிக்கு மேல் கண்ணில் பட்டுவிடும்.

பூவோடு பார்த்தால் யாருக்கும் தெரியும். பூவில்லாமல், நாற்றாக, கோடையில் இலை உதிர்ந்து குச்சியாக நிற்கும்போதும் தெரிய வேண்டும். அந்த அளவுக்குப் பழகிவிட்டால் தோட்டத்தில் உங்கள் பயம் பாதி குறைந்துவிடும்.

அரளியையே எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில் மைல் கணக்கில் நட்டிருக்கிறார்கள். ஆடு மாடு வாய் வைக்காது, தண்ணீர் இல்லாமலும் தாக்குப்பிடிக்கும் என்பதால்தான். வெள்ளரளியையும் நந்தியாவட்டையையும் பூக்கூடையில் சேர்த்துப் போடுகிறவர்கள் உண்டு. அரளி இலை கணுவுக்கு மூன்றாகச் சுற்றி நிற்கும். நீளமாக, தோல் போலத் தடித்து, நடு நரம்பு எடுப்பாக இருக்கும். நந்தியாவட்டை இலை எதிரெதிரே இரண்டிரண்டாக வரும். அரளியின் நஞ்சு இதயத் துடிப்பின் தாளத்தையே கெடுக்கக்கூடியது. 2024 மே மாதம் கேரளத்தில் திருவிதாங்கூர், மலபார் தேவசம் போர்டுகள் நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்ப்பதை நிறுத்தின. மாலையாகப் போடுங்கள், தடையில்லை. தீர்த்தத்தில் மிதக்கவிட வேண்டாம்.

2. ஒரே அடையாளத்தை நம்பி முடிவு கட்டாதீர்கள்.

இலையின் வடிவம்தான் முதலில் கண்ணில் படும், அதுதான் அதிகம் ஏமாற்றும். கீழாநெல்லி, புளியங்கன்று, தொட்டாற்சிணுங்கி, குன்றிமணிக் கொடியின் குருத்து எல்லாம் தூரத்தில் ஒரே சாடை. பார்ப்பதற்கு ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். இலைகள் எதிரெதிரா, மாற்றி மாற்றியா, மும்மூன்றா? இலையின் அடிப்புறம் எப்படி? தண்டு உருண்டையா, சதுரமா? கணுவில் பற்றுக்கம்பி உண்டா? கசக்கினால் என்ன வாடை? பிறகு பூ, பிறகு காய்.

கீழாநெல்லி என்று சொல்லி ஒரு கொத்தை நீட்டினால் நான் அதைக் கவிழ்த்துப் பார்ப்பேன். குச்சியின் அடிப்புறத்தில் கடுகளவு காய்கள் வரிசையாகத் தொங்க வேண்டும். காய்க்குச் சின்னக் காம்பு இருந்தால் நமக்கு வேண்டிய கீழாநெல்லி. காம்பில்லாமல் ஒட்டிக்கொண்டு, மேலே சொரசொரப்பாக இருந்தால் சிவப்புக் கீழாநெல்லி என்கிற அதன் பங்காளி. காயே இல்லையென்றால் கீழே வைத்துவிட வேண்டியதுதான்.

சேம்பிலும் இப்படித்தான். சேம்பு இலையில் காம்பு விளிம்பில் சேராது. இலையின் பிளவிலிருந்து சற்று உள்ளே தள்ளி, முதுகில் சேர்ந்திருக்கும். இலை நுனி தரையைப் பார்க்கும். அழகுக்கு வைக்கும் யானைக்காது வகைகளில் பெரும்பாலும் காம்பு பிளவிலேயே சேரும், இலை வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும். சேம்பே வேகாவிட்டால் நாக்கை அரிக்கும், அதனால்தான் புளி ஊற்றி நன்றாக வேக வைக்கிறோம். டைஃபன்பேக்கியாவைக் கடித்தாலோ நாக்கும் தொண்டையும் வீங்கிப் பேச்சே நின்றுபோகும்.

குறைந்தது மூன்று அடையாளம் ஒத்துப்போக வேண்டும், அதில் ஒன்று பூவாகவோ காயாகவோ இருக்க வேண்டும். பூக்கவில்லையா? பிடுங்கித் தனித் தொட்டியில் வைத்துப் பூக்கும்வரை காத்திருங்கள். அதற்குள் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

3. ஒடித்தால் பால் வருகிறதா என்று பாருங்கள். ஆனால் அதற்கும் எல்லை உண்டு.

பிரண்டைத் துவையலுக்காக வேலியில் கை வைப்பவர்களுக்கு இது உதவும். பிரண்டை நாற்கோணத் தண்டு, கணுவுக்குக் கணு இடுங்கியிருக்கும், பற்றுக்கம்பி வீசி ஏறும். ஒடித்தால் தண்ணீர் மாதிரிச் சாறு. சதுரக்கள்ளியின் இளங்கிளை பக்கத்தில் நின்றால் பச்சையும் பட்டையும் ஒரே மாதிரி தெரியும். அதில் முள் இருக்கும், பற்றுக்கம்பி இருக்காது, கீறினால் வெள்ளைப் பால் குபுக்கென்று வரும். கள்ளிமுளையானுக்கும் இதே சோதனைதான்: காட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் பச்சையாகவே கடித்துத் தின்பார்கள், துவையல் அரைப்பார்கள். அதை ஒடித்தால் பால் வராது. வந்தால் நீங்கள் பிடித்திருப்பது ஏதோ ஒரு கள்ளி. பருப்புக்கீரையோடு கலந்து தரையோடு தரையாகப் படரும் சித்திரப்பாலாடையையும் இதே சோதனையில் பிரித்துவிடலாம்.

இதிலிருந்து ‘பால் வந்தால் நஞ்சு, வராவிட்டால் நல்லது’ என்று ஒரு சூத்திரம் செய்துகொள்ளாதீர்கள். பலாவிலும் அத்தியிலும் பால் வரும். அம்மான் பச்சரிசியில் பால் வரும், அதைக் கீரையாகச் சமைப்பவர்கள் உண்டு. பால் ஒரு சொட்டுகூட இல்லாத ஊமத்தையும் செங்காந்தளும் ஆளையே சாய்த்துவிடும். இந்தச் சோதனை குறிப்பிட்ட ஒரு ஜோடியைப் பிரிக்க மட்டும்தான்.

ஒடிக்கும்போது முகத்துக்கு நேரே பிடிக்காதீர்கள். எருக்கம்பாலும் திருகுகள்ளிப் பாலும் கண்ணில் தெறித்தால் கருவிழி புண்ணாகிவிடும். அடினியத்தைக் கவாத்து செய்துவிட்டுக் கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்ப்பதும் இதில் சேர்த்திதான்.

4. கிழங்கு விஷயத்தில் என்னிடம் சலுகை கிடையாது.

கீரையில் தவறினால் பல சமயம் வாந்தி பேதியோடு போய்விடும். கிழங்கில் செடி தன் சரக்கையெல்லாம் மூட்டை கட்டி வைத்திருக்கிறது. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கைத்தான் சொல்கிறேன். கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைக்கிழங்கு என்று ஊருக்கு ஒரு பேர். ஆடி மழைக்கு முளைத்து வேலியில் ஏறி, கார்த்திகையை ஒட்டிச் சிவப்பும் மஞ்சளுமாகத் தீ வைத்ததுபோல் பூக்கும். அப்போது யாரும் தவறமாட்டார்கள். தை மாசிக்குள் கொடி காய்ந்து போய்விடும், கிழங்கு மட்டும் மண்ணுக்குள் கிடக்கும். கொத்திக்கொண்டிருக்கும்போது அது வெளியே வந்தால், பக்கத்தில் சர்க்கரைவள்ளியோ வேறு வள்ளியோ போட்டிருந்தவர் அதுவும் விளைச்சல்தான் என்று கூடையில் போட்டுவிடுவார். மருத்துவமனைக்கு வரும் கதைகளில் சில இப்படித்தான் தொடங்குகின்றன.

கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு விரலை விரித்த மாதிரி ‘வி’ வடிவில், கலப்பை போல வளைந்திருக்கும். கை இரண்டும் நீளமாக, உருண்டையாக, நுனி கூராக முடியும். முளை நுனியில் மட்டும்தான் வரும். பயிர் செய்கிறவர்கள் கவையில் வெட்டி ஆளுக்கொரு முளையோடு நடுவது அதனால்தான். சர்க்கரைவள்ளி நடுவில் பருத்து இரு முனையும் மெலிந்திருக்கும், மேலெல்லாம் சல்லிவேர் இருக்கும், உடம்பில் பல இடத்தில் துளிர் விடும். கொடி இருந்தால் இன்னும் சுலபம். செங்காந்தள் இலையின் நுனியைப் பாருங்கள்: இலையே மெலிந்து நீண்டு சுருள் கம்பியாகிப் பக்கத்துக் குச்சியைப் பற்றிக்கொண்டிருக்கும். வேலியில் நமக்குப் பழக்கமான எந்த வள்ளிக்கொடிக்கும் இந்த வேலை தெரியாது. 

அதிலுள்ள நஞ்சின் பேர் கோல்சிசின். கீல்வாத வகை ஒன்றுக்கு மிகச் சிறிய அளவில் மருந்தாகும் அதே சரக்கு. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கமெல்லாம் இதன் விதைக்காகவே பந்தல் போட்டுப் பயிர் செய்கிறார்கள், விதை மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. வேக வைத்தால் நஞ்சு போய்விடும் என்று நம்பாதீர்கள், போகாது. தின்ற உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து வாந்தியும் பேதியும் பிடிக்கும். அது ஓய்ந்ததும் சரியாகிவிட்டது என்று வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். பிறகுதான் ரத்த அணுக்கள் குறையும், சிறுநீரகம் தடுமாறும். பிழைத்தவர்களுக்கும் வாரம் இரண்டில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். ஆகவே நீங்கள் நடாத கிழங்கு, எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தாலும் அடுப்புக்குப் போகக் கூடாது.

மரவள்ளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது தெரிந்த கிழங்குதான், ஆனாலும் அதில் சயனைடு உண்டாக்கும் சத்து இருக்கிறது. தோலை முழுக்க உரித்து, துண்டாக்கி, மூடாத பாத்திரத்தில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கசக்கும் துண்டை ஒதுக்கிவிடுங்கள்.

5. கீரையைக் கொத்தாக அரியாதீர்கள்.

பாத்தியில் சிறுகீரை விதைத்திருக்கிறீர்கள். நடுவே ஊமத்தை நாற்று நாலைந்து எழுந்திருக்கும், குப்பை உரத்தோடு வந்த விதையாக இருக்கும். அரிவாளால் ஒரு பிடி பிடித்து அரிந்தால் அதுவும் சேர்ந்து வரும். நறுக்கிவிட்டால் பிரம்மா வந்தாலும் பிரிக்க முடியாது. ஊமத்தை இலையின் அடியைப் பாருங்கள், காம்பின் இரு பக்கமும் சமமாக இராது, ஒரு பக்கம் இறங்கியிருக்கும். கசக்கினால் குமட்டும் வாடை. கத்தரி நாற்று மாதிரித் தெரியும், ஆனால் கத்தரி இலையின் சுணை இதில் இருக்காது. விதையும் மிளகாய் விதையின் சாடைதான், பழுப்பாக, சிறுநீரக வடிவில் இருக்கும். பழைய மிளகாய் விதை என்று யாராவது பொட்டலம் கட்டிக் கொடுத்தால் தட்டில் கொட்டிப் பாருங்கள்.

ஊமத்தை உள்ளே போனவருக்கு வாய் வறண்டுவிடும், முகம் சிவக்கும், கண்மணி விரிந்து வெளிச்சம் கூசும், இல்லாததைப் பிடிக்கக் கையை நீட்டுவார், சம்பந்தமில்லாமல் பேசுவார். வீட்டார் பேய் பிடித்ததென்று வேப்பிலை தேடிக்கொண்டிருப்பார்கள். கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் வீட்டு முகப்பில் மணி மணியாகத் தலைகீழாகத் தொங்கும் பெரிய பூச்செடியும் இதன் உறவுதான். பார்த்து ரசிப்பதோடு விட்டுவிடுங்கள்.

6. படச் செயலி ஒரு யோசனை சொல்லும். தீர்ப்பு உங்களுடையது.

பிளான்ட்நெட், கூகுள் லென்ஸ், ஐநேச்சுரலிஸ்ட் எல்லாம் நல்ல கருவிகள்தான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் பெரும்பாலானவர்கள் இலையை மட்டும் ஒரு படம் எடுத்துப் போட்டுவிட்டு, முதலில் வரும் பேரைப் பிடித்துக்கொள்கிறார்கள். முழுச்செடி, கணு, இலையின் அடிப்புறம், பூ, காய் என்று தனித்தனியாக எடுங்கள். வந்த பேரை வைத்து அந்தச் செடி உங்கள் மாவட்டத்தில் வளருமா என்று பாருங்கள்.

இன்னொரு தொல்லை, ஆங்கிலப் பக்கங்களைப் படித்துவிட்டு வரும் பயம். மணத்தக்காளியைப் பார்த்து ‘டெட்லி நைட்ஷேட்’ என்று அலறிப் பிடுங்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பயந்த பெல்லடோனா ஐரோப்பாவின் குளிர்நாட்டுச் செடி. நம் சமவெளி வெயிலில் தானாக முளைத்து நிற்காது. அதன் பூ ஊதா கலந்த மணி, ஒற்றையாகத் தொங்கும், பழமும் ஒற்றையாகவே இருக்கும். மணத்தக்காளிக்கு வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள், ஒரே காம்பில் கொத்தாகக் காய். ஒரே எச்சரிக்கை: பச்சைக்காயில் சோலனின் இருக்கிறது. வற்றலுக்கு உப்பும் மோரும் போட்டு ஊறவைத்துக் காயவைக்கிறோம், அது வேறு. குழந்தைகள் செடியிலிருந்து பறித்துத் தின்பதானால் பழுத்ததை மட்டும் தின்னட்டும்.

7. உள்ளூர்ப் பேரை மட்டும் வைத்து மருந்து தேடாதீர்கள். ஒரே பேரில் இரண்டு செடி இருக்கும், ஒரே செடிக்கு மாவட்டத்துக்கு ஒரு பேர் இருக்கும். தாவரவியல் பேரையும் சேர்த்துக் குறித்து வையுங்கள்.

8. சுவைத்துப் பார்ப்பது உங்களுக்கு இல்லை.

சிறுகுறிஞ்சானைக் கண்டுபிடிக்க இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போடுவது பெரியவர்கள் வழக்கம். சர்க்கரை மண்ணாக இருந்தால் அது சிறுகுறிஞ்சான். உண்மைதான். ஆனால் அதே வேலியில், அதே மாதிரி ஜோடி இலையோடு நஞ்சறுப்பான் கொடியும் ஏறியிருக்கும். அதை மென்றால் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுக்க வேண்டியதுதான். அவர்கள் செடியை ஏற்கெனவே அறிந்தவர்கள், உறுதிப்படுத்திக்கொள்ள மென்றார்கள். நீங்கள் அறிந்துகொள்வதற்காக மெல்லுகிறீர்கள்.

இதற்கு ஒரே விலக்கு சுரை, பீர்க்கு, வெள்ளரிக் குடும்பம். இங்கே ஏமாற்ற வேற்றுச்செடி தேவையில்லை. உங்கள் சுரைக்கொடியே, நல்ல விதையே, சில சமயம் கசக்கும் காயைத் தரும். பார்வையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. அந்தக் கசப்பு குக்கர்பிடாசின். சர்க்கரை நோய்க்கென்று காலையில் சுரைக்காய்ச் சாறு குடித்து, கசந்தாலும் மருந்தாச்சே என்று விழுங்கியவர்கள் ரத்த வாந்தி எடுத்திருக்கிறார்கள், இறந்தும் இருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதற்கென்றே நிபுணர் குழு அமைத்தது. ஆகவே சுரைக்காயை வெட்டியதும் நகக்கண் அளவு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் உரக்குழியில் போடுங்கள். காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று பார்க்க வேண்டாம்.

9. ஆடு தின்கிறது, குயில் கொத்துகிறது, எறும்பு மொய்க்கிறது — இதெல்லாம் சாட்சி ஆகாது. அவற்றின் குடல் வேறு.

10. குழந்தைகள் இருக்கும் வீட்டில் விதையைக் கவனியுங்கள்.

பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கும் குன்றிமணி, பூஜை முடிந்ததும் எங்கே போகிறது என்று எத்தனை பேர் பார்க்கிறீர்கள்? அதன் தோல் கெட்டி. முழுசாக விழுங்கினால் பல சமயம் அப்படியே வெளியே வந்துவிடும். மென்றாலோ, மணி கோக்க ஊசியால் துளையிட்டிருந்தாலோ கதை வேறு. உள்ளே இருக்கும் ஆப்ரின் மிகச் சிறிய அளவிலேயே கொல்லக்கூடியது. மஞ்சாடி மரத்து விதை பெரிது, முழுக்கச் சிவப்பு, கரும்பொட்டு இருக்காது. இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டுப் பல்லாங்குழி ஆட வைக்காதீர்கள். ஆட்டத்துக்குப் புளியங்கொட்டை இருக்கவே இருக்கிறது.

காட்டாமணக்கு அதைவிட அடிக்கடி வரும் வில்லங்கம். பள்ளிக்கூடத்து வேலியில் இருக்கும், பருப்பு கடலை மாதிரி ருசிக்கும். ஒருவன் தின்றால் வகுப்பே தின்னும். ஒரு மணி நேரத்துக்குள் வரிசையாக வாந்தி எடுப்பார்கள். வேலியை மாற்றச் சொல்லுங்கள், ஆடாதொடை போடலாம்.

11. சரியான செடியும் தப்பான இடத்தில் வளர்ந்தால் தப்பான செடிதான். வல்லாரைக்குச் சாக்கடை ஓரம் பிடிக்கும், பொன்னாங்கண்ணிக்கு ஏரிக்கரை பிடிக்கும். ஏரியில் மிதக்கும் கொழுத்த ‘பொன்னாங்கண்ணி’ பெரும்பாலும் தென்னமெரிக்காவிலிருந்து வந்த களை. அதன் வெள்ளைப் பூ நீண்ட காம்பில் தூக்கி நிற்கும். நம்முடையதில் பூ இலைக்கக்கத்தில் காம்பில்லாமல் ஒட்டியிருக்கும். அந்தக் களை தண்ணீரிலிருக்கும் உலோகக் கழிவையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இரண்டில் எதுவானாலும் ஆலைக்கழிவு சேரும் ஏரியிலிருந்து பறிக்காதீர்கள்.

12. சந்தேகம் தீராவிட்டால் செடியைப் பதப்படுத்திக் கொண்டுபோய்க் கேளுங்கள்.

பூவோடும் காயோடும் ஒரு கிளையை வெட்டி, செய்தித்தாளுக்கு நடுவே விரித்து, மேலே கனமான புத்தகத்தை ஏற்றி, தினமும் தாளை மாற்றினால் ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். கிடைத்த இடம், தேதி, பூவின் நிறம் எழுதி வையுங்கள், காய்ந்தால் நிறம் போய்விடும். கோவையில் இந்தியத் தாவர ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் உலர்தாவரகம் இருக்கிறது, பாதிரியார் கே.எம். மேத்யூ அங்கே இருந்துதான் தமிழகத் தாவரங்களின் பெருந்தொகுதியை உருவாக்கினார். இவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் பக்கத்துக் கல்லூரியின் தாவரவியல் துறைக்குப் போங்கள். வாத்தியார்கள் கடிந்துகொள்ள மாட்டார்கள். இந்தக் கேள்விக்காகக் காத்திருப்பவர்கள்தான் அதிகம்.

13. தின்றுவிட்டால் என்ன செய்வது?

விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், புளிக்கரைசல் எதுவும் வேண்டாம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். வாயில் மிச்சமிருப்பதைத் துடைத்தெடுத்துவிட்டு 108-ஐ அழையுங்கள். தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நச்சுத் தகவல் மையம் இரவு பகலாக இயங்குகிறது, கட்டணமில்லா எண் 1800 116 117. என்ன செடி, எந்தப் பாகம், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். செடியில் ஒரு கிளையை, கிழங்கானால் மீந்த துண்டை, கீரையானால் வாணலியில் இருப்பதை ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். வாந்தி நின்றுவிட்டதே என்று, டாக்டர் போகச் சொல்லுமுன்னே வீட்டுக்குக் கிளம்பாதீர்கள், நாலாவதில் சொன்ன காரணம்தான்.

கண்ணில் பால் பட்டிருந்தால் முதலில் குழாயடி. இமையை விரித்துப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரத்துக்குக் குறையாமல் சுத்தமான தண்ணீர் ஓடட்டும். தாய்ப்பாலோ நந்தியாவட்டைச் சாறோ விட வேண்டாம். கழுவி முடித்த கையோடு கண் டாக்டரிடம் போங்கள்.